ரப்பர் வளையமா, லேசரா, காரநூலா: எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை?

"ஆபரேஷன் இல்லாமல், வலி இல்லாமல், ஒரே நாளில்" என்ற சுவர் விளம்பரத்தை நம்பிப் போகிறவர்களில் பலருக்குத் தமக்கு வந்திருப்பது எந்த நோய் என்பதே தெரியாது. ரத்தம் வந்தாலும் மூலம், வலித்தாலும் மூலம், சீழ் கசிந்தாலும் மூலம் என்றுதான் நம் பக்கத்தில் சொல்லிக்கொள்கிறோம். சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் நோய்களைப் பிரித்துவிட வேண்டும். ஒன்றுக்கு நல்ல மருந்து இன்னொன்றுக்கு வீண் செலவு, சில நேரம் கேடு.

மலம் கழித்தபின் வலியே இல்லாமல் செக்கச்சிவந்த ரத்தம் சொட்டினால் பெரும்பாலும் உள்மூலம். மலம் போகும்போது கீறுவதுபோல் வலித்து, அந்த வலி மணிக்கணக்கில் நீடித்தால் ஆசனவாய் வெடிப்பு. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து, உடைந்து, ஆறியதுபோல் இருந்து, அதே இடத்தில் மறுபடியும் சீழ் கசிந்தால் பௌத்திரம். திடீரென்று நீல நிறத்தில் ஒரு கட்டி தோன்றி உட்கார முடியாமல் வலித்தால் ரத்தம் உறைந்த வெளிமூலம். முதல் 72 மணி நேரத்துக்குள் அதை அறுத்து எடுத்தால் சீக்கிரம் நிம்மதி கிடைக்கும். அதற்குப் பிறகு வலி தானாகவே இறங்கத் தொடங்கும் என்பதால் வெந்நீரில் உட்கார்ந்து காத்திருப்பதே போதும்.

இவற்றைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டாம். கேட்டு, பார்த்து, விரலால் தொட்டு, புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயால் உள்ளே பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புதிய வெடிப்பென்றால் குழாயைக்கூட நுழைக்கக் கூடாது, விரித்துப் பார்த்தாலே தெரியும். நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சொளகை வைத்து நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்களில் எத்தனையோ பேர் வெட்கப்பட்டு இந்தச் சில நிமிடச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். ரத்தம் நாள்பட்டுப் போய்க்கொண்டிருந்தால் சோகை வரும். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். உடன் ஒரு செவிலியர் இருக்கவும் கேட்கலாம்.

ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலும், மலம் போகும் வழக்கம் மாறினாலும், எடை குறைந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை (கொலனோஸ்கோபி) தேவை. வயது 45-ஐத் தாண்டியவர்கள் "எனக்கு மூலம்தான்" என்று தாங்களே முடிவு செய்துவிடக் கூடாது.

இனி மூலத்துக்கான போட்டியாளர்கள். உள்மூலத்தில் நான்கு நிலைகள் உண்டு: ரத்தம் மட்டும் வருவது முதல் நிலை, வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது, விரலால் தள்ள வேண்டியது மூன்றாவது, தள்ளினாலும் போகாதது நான்காவது. முதல் நிலைக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் முக்காமல் இருப்பதுமே முதல் சிகிச்சை. அதற்கு அடங்காவிட்டாலோ இரண்டாம் நிலைக்குப் போனாலோ மூலத்தின் அடியில் இறுக்கி ரப்பர் வளையம் போடுவதை நான் முதலில் வைப்பேன். மயக்க மருந்து வேண்டாம், வெளிநோயாளியாகவே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், சில நாள்களில் கட்டிய பகுதி உதிர்ந்துவிடும். குறை என்னவென்றால் மறுபடியும் வரலாம். பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒரு முறை வளையம் போட்டவர்களில் 49 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் தொந்தரவு திரும்பியது. ரத்தக்குழாயைத் தேடிக் கட்டும் அறுவைச் சிகிச்சையில் அது 30 சதவீதம். ஆனால் தேவைப்பட்டவர்களுக்கு இன்னொரு முறை வளையம் போட்டதையும் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது, வலியும் வளையத்தில்தான் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். வளையம் போட்ட பின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

பெரிய மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் அறுத்து எடுப்பதுதான் உறுதியானது. மில்லிகன், மோர்கன் இருவரும் 1937-இல் விவரித்த முறை இன்னும் நிலைத்திருக்கிறது. இரண்டு வாரமாவது நன்றாக வலிக்கும். அதை மறைக்கிற மருத்துவரை நம்பாதீர்கள். இறங்கிய சதையை மேலே இழுத்துப் பிணைக்கும் ஸ்டேப்ளர் முறையில் தொடக்க வலி குறைவு, திரும்பி வருவது அதிகம். லேசரிலும் வலி குறைவுதான், சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ஆனால் நீண்டகாலப் பலன் பற்றிய ஆதாரம் பழைய முறைகளுக்கு இருப்பதுபோல் இன்னும் சேரவில்லை, செலவும் பல மடங்கு. இரண்டாம் நிலை மூலத்துக்காக நகையை அடகு வைத்து லேசருக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் அளவாகப் போடும் பீனால் எண்ணெய் ஊசி முறையான சிகிச்சை. பட்டம் இல்லாதவர் இன்ன மருந்தென்று சொல்லாமல் போடும் ஊசி வேறு. அது சதையைப் பொசுக்கி, ஆசனவாயைச் சுருங்கச் செய்து, வாழ்நாள் துன்பமாக ஆகிவிடக்கூடும். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதும் கருணைக்கிழங்கு லேகியமும் இதமாக இருக்கலாம். அவற்றை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

வெடிப்பில் கத்திக்கு அவசரமே இல்லை. ஆறு வாரத்துக்குள்ளான புதிய வெடிப்புகள் பெரும்பாலும் வெந்நீர்க் குளியலிலும் மலம் இளகுவதிலும் ஆறிவிடும். தை மாதத்துப் பனங்கிழங்கும் வாழைத்தண்டும் இங்கே மலிவான நார்ச்சத்து. ஆறாவிட்டால் களிம்பு: நைட்ரோகிளிசரின் பலருக்குத் தலைவலி தரும், டில்டியாசெம் அந்தளவு தராது என்பதால் என் தேர்வு அதுவே. ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் உள்தசையைச் சிறிது வெட்டும் அறுவைச் சிகிச்சையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகும். பிரசவத்தில் தசை கிழிந்த பெண்கள் இதற்கு ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பௌத்திரத்தில்தான் நம் மண்ணின் முறை நேருக்கு நேர் நிற்கிறது. ஆயுர்வேதத்தில் க்ஷார சூத்திரம், சித்த மருத்துவத்தில் காரநூல். க்ஷார சூத்திரத்தில் நூலுக்கு இலைக்கள்ளிப் பாலும் நாயுருவிச் சாம்பல் உப்பும் மஞ்சளும் 21 பூச்சு ஏற்றி, சீழ் வரும் துளைப்பாதையான புரையின் வழியே நுழைத்துக் கட்டி, வாரம் ஒரு முறை மாற்றுவார்கள். நூல் மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். 1991-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், நூல் கட்டியவர்களுக்கு ஆற ஏறத்தாழ எட்டு வாரம், அறுவைக்கு நான்கு வாரம். திரும்பி வந்தது நூலில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். வாரந்தோறும் பஸ் ஏறி வர முடிந்தவருக்கு நூல் நல்ல தேர்வு. புரை மேலோட்டமாகத் தசைக்கு வெளியே இருந்தால் ஒரே தடவையில் கீறித் திறந்துவிடுவதே எளிது. ஆழமான, கிளைவிட்ட, முன்பே அறுத்தும் திரும்பிய பௌத்திரம் என்றால் எம்ஆர்ஐ எடுக்காமல் நூலும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் அதே பாளையங்கோட்டையில்தான், ஹைகிரவுண்டில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. முதலில் ஹைகிரவுண்டில் அறுவைச் சிகிச்சைப் பிரிவு வெளிநோயாளி சீட்டு எழுதிக் காட்டுங்கள். புரை எங்கே போகிறது, எந்தத் தசையைக் கடக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த அறிக்கையைச் சித்த மருத்துவரிடமும் காட்டி, காரநூல் பொருந்துமா என்று கேளுங்கள்.