நீள்முடிப் பூனைக்கான எஃகுச் சீப்பு: ஒரு மதிப்பீடு

பெர்சியன், மெய்ன் கூன், நார்வே காட்டுப் பூனை போன்ற நீண்ட முடியுள்ள பூனையை வீட்டில் வளர்ப்பவர் ஒரே ஒரு கருவியைத்தான் வாங்க முடியும் என்றால், அது நீளமான பற்களைக் கொண்ட எஃகுச் சீப்பாகவே இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பூனை வளர்ப்போர் பலர் கிரேஹவுண்ட் சீப்பு என்று குறிப்பிடும் இந்த வகையில் கைப்பிடி கிடையாது. ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகத் தண்டு, அதன் ஒரு பாதியில் இடைவெளி விட்டு அமைந்த பற்கள், மறுபாதியில் நெருக்கமான பற்கள், அவ்வளவுதான். சேர்ந்த முடியைப் பொத்தானை அழுத்தித் தள்ளும் வசதியோ, கண்ணைக் கவரும் வண்ணமோ இதில் இல்லை. கடையில் பார்ப்பவர் இதைத் தாண்டிச் சென்றுவிடுவார். ஆயினும், எங்கள் பெர்சியன் பூனைக்காக வாங்கிய கருவிகளில் இன்றும் நான் நாள்தோறும் கையில் எடுப்பது இதை மட்டுமே.

இந்தச் சீப்பு ஏன் பயன்படுகிறது என்பதை அறிய, பூனையின் முடி எப்படி அமைந்துள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீண்ட, தடித்த வெளிமுடி, அதற்கு அடுத்து இடைமுடி, தோலை ஒட்டி மென்மையாகச் சுருண்டிருக்கும் அடிமுடி என மூன்று வகை முடிகள் பூனைக்கு உண்டு. முடி வளர்வதை ஒரு கட்டத்தில் நிறுத்தும் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்களே நீள்முடிக்குக் காரணம் என்று 2007-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நீளம் கூடுவதால் உண்டாகும் சிக்கல் என்னவென்றால், உதிர்ந்த அடிமுடி கீழே விழ வழியின்றி மேல்முடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது அசைவாலும் ஈரத்தாலும் உராய்வாலும் நாளடைவில் முறுக்கிக்கொண்டு, முதலில் சிக்காகவும் பிறகு சடையாகவும் இறுகுகிறது.

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமே என்று பலர் கேட்பதுண்டு. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைப் பூனை அதற்காகவே செலவிடுகிறது என்பதும், அதன் நாக்கிலுள்ள முட்கள் உமிழ்நீரை முடியின் ஆழத்துக்கு எடுத்துச் செல்லும் வகையில் நுனியில் குழிந்திருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால், இந்த முட்களை ஆராய்ந்து 2018-இல் கட்டுரை வெளியிட்ட ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹு ஆகியோர், சிங்கம், புலி முதலிய பெரிய இனங்களிலும்கூட நாக்கு தோலை எட்டுகிறது என்றும், பெர்சியன் பூனைக்கு மட்டும் அது எட்டுவதில்லை என்றும் காட்டினர். மனிதர் விரும்பி வளர்த்தெடுத்த முடியின் ஆழம் அந்தச் சிறிய முட்களின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே இத்தகைய பூனைக்கு முடி வாருவதை அலங்காரமாக நான் கருதவில்லை. அதன் உடலால் செய்துகொள்ள இயலாத ஒன்றை நாம் செய்து தர வேண்டியிருக்கிறது.

பற்களின் நீளம்தான் இந்தச் சீப்பின் முதன்மைச் சிறப்பு. இரண்டரை சென்டிமீட்டருக்கும் மேல் நீண்ட பற்கள் முடியின் வேர் வரை இறங்குகின்றன. மனிதர்களுக்கான சாதாரணச் சீப்போ, பேன் சீப்பைப் போன்ற குறும்பல் சீப்போ பாதியிலேயே நின்றுவிடும். இரண்டாவது சிறப்பு, கைக்குக் கிடைக்கும் செய்தி. வாரும்போது எஃகு வளைந்துகொடுக்காததால், உள்ளே எங்கோ ஒரு சிறு முடிச்சு இருந்தாலும் அந்தத் தடை விரல் நுனிக்கு உடனே தெரிகிறது. ரப்பர் மெத்தையில் பதித்த கம்பிகளைக் கொண்ட தூரிகைகளில் இந்த உணர்வு கிடைப்பதில்லை, ஏனெனில் முடிச்சைச் சந்திக்கும் கம்பி பின்வாங்கி, அதைத் தாண்டி நழுவிவிடுகிறது. மேலே பட்டுப்போல் மின்னும் முடியைத் தூரிகையால் வாரி முடித்தபின், அதே இடத்தில் இந்தச் சீப்பை வேரிலிருந்து நுனி வரை ஓட்டிப் பாருங்கள். அடியில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

பயன்படுத்தும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் முறை தவறினால் எவ்வளவு நல்ல சீப்பும் பூனைக்கு வதைதான். முதலில் இடைவெளி மிகுந்த பகுதியைக் கொண்டு, முடியின் நுனியில் தொடங்கி, சிறிது சிறிதாக வேரை நோக்கி நகர வேண்டும். வயிறு, தொடை போன்ற அடர்ந்த இடங்களில் ஒரு கையால் முடியைப் பகுத்து, தோல் தெரியும் அளவுக்கு ஒரு வகிடு எடுத்து, அந்த வகிட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் வாரிவிட்டு அடுத்த வகிட்டுக்குச் செல்வதே மிகப் பயன் தரும் வழி. சிக்கு தென்பட்டால் அதற்கும் தோலுக்கும் இடையே முடியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால், இழுப்பு தோலுக்குச் செல்லாது. நெருக்கமான பகுதியை இறுதியில்தான் பயன்படுத்த வேண்டும். முகம், காதின் பின்புறம் ஆகிய இடங்களுக்கு அது மிகவும் ஏற்றது. சடை விழும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை: காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வயிறு, தொடையிடுக்கு. நேரம் குறைவான நாளில் முதுகை விட்டுவிட்டு இவற்றை மட்டுமாவது வாரிவிடுங்கள். வால் முடியை மட்டும் அடிக்கடி வாராமல், மென்மையாக விரலாலேயே பிரித்துவிடுவது நல்லது. அங்கே இழந்த முடி மீண்டும் அடர்த்தியாக நெடுநாள் ஆகும்.

குறைகளும் உண்டு. கைப்பிடி இல்லாததால், நீண்ட நேரம் பிடித்திருக்கும்போது விரல் மூட்டுகள் வலிக்கின்றன. மூட்டுவலி உள்ளவர்கள் கைப்பிடி வைத்த சீப்பைத் தேடுவதே நல்லது, ஆனால் அதன் பல் நீளம் குறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று வறண்டிருக்கும் காலத்தில் நிலைமின்சாரம் ஏற்பட்டு முடி சீப்போடு ஒட்டிப் பறக்கிறது. சிறு பொறியின் அதிர்ச்சி பட்டால் பூனை சீப்பைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் என்பதால், வாருமுன் நீரைப் பனித்துளி அளவுக்குக் கையில் தெளித்து முடியின் மேல் தடவிவிடுவது உதவும். இதற்கென விற்கப்படும் நறுமணத் தெளிப்பான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. முடியில் படிவது அனைத்தும் பூனையின் வயிற்றுக்குப் போகிறது. தேயிலை மர எண்ணெய் போன்ற நறுமண எண்ணெய்கள் பலவும் பூனைக்கு நஞ்சு.

இதைவிடப் பெரிய வரம்பு, இறுகிப்போன சடைக்கு இந்தச் சீப்பு தீர்வாகாது என்பது. தோலை ஒட்டி, தட்டைக் கம்பளித் துண்டைப்போல் கெட்டியாகிவிட்ட சடையைச் சீப்பால் பிரிக்க முயல்வது கொடுமை. கத்தரிக்கோலை எடுப்பது அதைவிட ஆபத்தானது. பூனையின் தோல் மெல்லியதாகவும் தளர்வாகவும் இருப்பதால், அது சடைக்குள் இழுபட்டு மேலெழுந்து நிற்கும், முடி எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய சடையைக் கிளிப்பரால் மழித்தெடுப்பதே முறை. அது உடலின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தால் கால்நடை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டுச் சொல்வதென்றால், வளைந்த நுண்கம்பிகளைக் கொண்ட ஸ்லிக்கர் தூரிகை மேற்பரப்பில் தளர்ந்த முடியை விரைவாக அள்ளும். சீப்புக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். அடிமுடியைக் களைவதாகச் சொல்லி விற்கப்படும், கத்தி விளிம்பு போன்ற நுண்பல் கருவிகளை நீள்முடிப் பூனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குவியல் குவியலாக முடி வருவதைக் கண்டு மகிழ்வோம். அக்குவியலில் உதிர்ந்த முடியோடு அறுந்த வெளிமுடியும் கலந்திருக்கும். ரப்பர் கையுறை குறுமுடிப் பூனைக்குப் போதும், இங்கே பயனில்லை.

குளிப்பாட்டும் வழக்கமுள்ளவர்கள் குளியலுக்கு முன் முழு உடலையும் இந்தச் சீப்பால் வாரி முடித்திருக்க வேண்டும். நனைந்த சிக்கு உலரும்போது மேலும் இறுகிவிடும். மனிதர்களின் ஷாம்பு வேண்டாம், பூனைக்கென்று தயாரிக்கப்பட்டதையே பயன்படுத்துங்கள்.

பராமரிப்பில் எஃகுக்கு இணை இல்லை. முடியை எடுத்துவிட்டுச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவித் துடைத்தால் போதும். அழுக்கு தங்கும் மெத்தையோ, ஈரத்தில் வெடிக்கும் மரமோ இதில் இல்லை. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீப்பு வைப்பதே சிறந்தது, ஏனெனில் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை சீப்பு வழியாகப் பரவும், மனிதருக்கும் தொற்றும்.

தினமும் வேர் வரை வாருவதால் கிடைக்கும் இன்னொரு பயனையும் நான் மிகவும் மதிக்கிறேன். தெள்ளுப் பூச்சியின் கருநிறக் கழிவு, புண், கட்டி, உடல் இளைப்பு ஆகியவை அடர்ந்த முடியின் கீழ் எளிதில் மறைந்துவிடும். சீப்பு செல்லும் வழியில் கண்ணும் விரலும் செல்வதால் அவை தொடக்கத்திலேயே தெரிகின்றன. இதுவரை நன்றாக இருந்த முடி திடீரெனச் சடைபிடிக்கத் தொடங்கினால், அதுவும் வயதான பூனையாக இருந்தால், மூட்டுவலியோ பல்வலியோ அதை நக்க விடாமல் தடுக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. இதே வடிவில் மலிவான போலிகளும் கிடைக்கின்றன. அவற்றில் பற்களின் முனை சரியாக மழுக்கப்பட்டிருக்காது. சீப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பற்கள் எல்லாம் நேராக ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு முனைகளை உங்கள் முன்கையின் உட்புறத் தோலில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிறு கீறல் உணர்வு இருந்தாலும் அந்தச் சீப்பை வாங்க வேண்டாம். பயன்படுத்தத் தொடங்கிய பிறகு கடினமான தரையில் விழுந்து ஒரு பல் வளைந்தாலும், அதை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள், ஏனெனில் வளைந்த பல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முடியைப் பிடித்து இழுக்கும்.