கோயில் படத்துக்கு எக்ஸ்-எஸ்20: கடற்காற்றில் கவனம்

மட்டக்களப்பு மாமாங்கத்திலிருந்து கடலோரத் திருக்கோவில் வரை கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு பியூஜிபிலிம் எக்ஸ்-எஸ்20 நல்ல கமரா. பற்றரி, கார்ட்டோடு 491 கிராம்தான். நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் நோகாது.

பெரிய பலம், உடலுக்குள்ளேயே இருக்கும் அதிர்வுக் கட்டுப்பாடு. மண்டபத்தில் ஸ்டாண்ட் விரிக்க பெரும்பாலும் விடமாட்டார்கள். மூச்சை அடக்கி முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்தால், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 1600, 1/10 செக்கனில் சிற்பத்தின் உளித்தடம்கூடத் தெளிவாக விழும். நடமாடும் ஆட்கள்தான் கலங்குவார்கள். விளக்குச்சுடர் வெளுக்காமல் வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் (அதாவது பாதியாக) குறைத்து, பிறகு திருத்த வசதியான றோ கோப்பாக எடுங்கள். பூசை நேரம் சத்தம் வேண்டாமென்று எலக்ட்ரோனிக் ஷட்டருக்கு மாறினால், எல்.ஈ.டி. வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழலாம். மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. எதற்கும் முதலில் பூசை செய்யும் ஐயாவிடம் கேளுங்கள். மூலஸ்தானத்தை எடுக்கவே வேண்டாம்.

கூட வரும் 15-45 மி.மீ. லென்ஸ் கோபுரத்துக்குப் போதும், இருட்டுக்குப் பற்றாது. கமராவை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவதுபோல் வரும். பின்னே போய் நேராகப் பிடித்து, மிஞ்சும் நிலத்தைப் பிறகு வெட்டுங்கள்.

ஈரமும் தூசியும் புகாத காப்பு இதில் இல்லை என்பது பெரிய குறை. திருக்கோவிலில் கடல் பக்கத்திலேயே. வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி வானிலிருந்து இறங்கியதும் லென்ஸ் கண்ணாடியில் ஈரப்புகார் படியும், துடைக்கத் துடைக்கத் திரும்பவும் வரும். பையை மூடியபடியே அரை மணி விடுங்கள்.