பெயின்ட் வாசம் போகாத கிரஷரை நம்பாதீங்க

க.பரமத்திப் பக்கம் ஜல்லி உடைக்கும் தொழில் எங்களுக்கு. போன சித்திரையில், இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கி உடைக்கும் பழைய ஜா கிரஷர் ஒன்றை 38 லட்சத்துக்கு வாங்கி நன்றாக ஏமாந்தேன். டயர் மேல் ஏற்றிய 30க்கு 20 வண்டி, அதாவது கல் போடும் வாய் 30 இன்ச்சுக்கு 20 இன்ச். இழுத்துக்கொண்டு போய் எந்த சைட்டிலும் நிறுத்தலாம் என்ற ஆசைதான்.

விற்றவரின் யார்டில் ஓட்டிக் காட்டினார்கள். பத்து நிமிடம். உள்ளே கொட்டியது இடித்த கட்டடத்தின் செங்கல், காரை. அது உடைய மிஷினே தேவையில்லை, சம்மட்டி போதும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

எங்கள் கருங்கல்லைப் போட்ட முதல் நாளே, ஒரு மணி நேரத்தில் ஃபிளைவீல் பக்கத்துப் பேரிங் மேல் கை வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள், ஆடும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் உடைந்தது. பொக்லைன் பக்கெட் பல் மாதிரி இரும்பு உள்ளே விழுந்தால் மற்றதைக் காப்பாற்ற அதுதான் முதலில் உடையணும். ஆனால் அன்றைக்கு உள்ளே வெறும் கல்தான்.

மெக்கானிக் உளியை வைத்துப் பெயின்டைச் சுரண்டினார். கார் டிங்கரிங்கில் வைக்கிற பட்டி விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. அதற்கடியில் சைடு பிளேட்டில் முழ நீளத்துக்கு விரிசல். கல்லைக் கடிக்கும் பல் உள்ள ஜா பிளேட்டும் ஏற்கெனவே தலைகீழாகத் திருப்பி மாட்டியது. அடிப்பக்கம்தான் முதலில் தேயும், அதனால் திருப்பிப் போடுவது வழக்கம்தான். ஆனால் மேலே பல் மொட்டையாக இருந்ததை நானே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

விற்கும்போது 'மணிக்கு 80 டன்' என்றது, உடைந்த கல் கீழே விழும் இடைவெளி 100 மில்லிமீட்டர் இருந்தால்தானாம். எனக்கு வேண்டிய 40க்கு இறக்கினால் பாதிகூட வரவில்லை.

விற்றவரைப் போனில் கேட்டால், "ஓட்டிப் பாத்துத்தானேண்ணா எடுத்தீங்க?" என்கிறார். பில்லில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்ததை அப்புறம்தான் படித்தேன். நுகர்வோர் கோர்ட்டும் லேசில்லை. தொழில் லாபத்துக்கு வாங்கிய பொருளை 2019 சட்டம் எடுத்துக்கொள்ளாது, சொந்தப் பிழைப்புக்காக வாங்கியது என்று காட்டினால்தான் வழி என்கிறார் வக்கீல்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் குவாரிக் கல்லை ஒரு டிப்பர் ஏற்றிக்கொண்டு போங்கள். உங்களுக்கு வேண்டிய அளவில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெல்டிங் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்கட்டும்.

அதே யார்டில் இப்போது இன்னொரு 30க்கு 20, பச்சைப் பெயின்டில் நிற்கிறதாம்.