ஷீட் கூரை போடப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

1,86,000 ரூபாய். ஆவணியில் கூரை போட்டோம். ஐப்பசியில் முதல் அடைமழைக்கே கூடத்தில் ஏழு இடத்தில் ஒழுகுது. என்ன ஷீட் வாங்கலாம், எது நம்ம ஊருக்குச் சரிப்படும் என்று விவரமாக எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடித்ததில் தென்னை சாய்ந்து ஓட்டுக்கூரை போச்சு. கையிலிருந்த காசுக்கு அப்போது சிமென்ட் ஷீட் போட்டோம். சித்திரையில் அதன் அடியில் உட்கார முடியாது. அம்மா, "திரும்ப ஓடே போடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓடு மாற்ற ஆள் கிடைக்காது, குரங்கு வேறு என்று சொல்லி, நான்தான் கலர் ஷீட்டுக்குப் போனேன். (அது பெயிண்ட் அடித்த இரும்புத் தகடுதான். அடியில் ஃபோமோ சீலிங்கோ இல்லாவிட்டால் அதுவும் அடுப்புதான் என்பது பிறகு புரிந்தது.)

பைபாஸில் இருக்கும் ஒரு ஷீட் கடை. ஓனரே டேப்போடு வீட்டுக்கு வந்தார், என்னைவிடச் சின்ன வயசு. பையிலிருந்து இரண்டு ஷீட் துண்டு எடுத்தார், மி.மீ. கணக்கில் கனம் சொன்னார். "இது 0.35, இது 0.50. ரெண்டையும் அமுக்கிப் பாருங்கண்ணே." முதல் துண்டு விரல் பட்டதும் குழிந்தது, மற்றது அசையவில்லை. அம்மா கையிலும் கொடுத்து அமுக்கச் சொன்னார். "0.35 போட்டா நாளைக்கு நான் இந்தத் தெருவுல நடக்க முடியாதும்மா." அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அந்த இடத்தில் விழுந்தேன். எதை வைத்து ஏமாற்றப் போகிறானோ அதையே கையில் கொடுத்துக் காட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

620 சதுர அடி, அடிக்கு 300 ரூபாய், ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய், ஷீட், கூலி எல்லாம் சேர்த்து. "பில்லு போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டிண்ணே, முப்பத்து மூவாயிரம் சும்மா போவும்." நானும் தலையாட்டினேன். இதில் என் தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். ஒரு லட்சம் ஜிபே, மீதி கையில். எனக்குக் கிடைத்தது "கலர் ஷீட் வேலை" என்று பேனாவில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கனம் இல்லை, கம்பெனி பேர் இல்லை.

தஞ்சாவூரில் எனக்கு வேலை. இரண்டே நாளில், நான் ஊருக்கு வருவதற்குள் முடித்துவிட்டார்கள். கீழேயிருந்து பார்க்க நீலமாகப் பளபளவென்றிருந்தது.

ஒழுக ஆரம்பித்ததும் லேத் பட்டறையில் இருக்கும் மச்சான் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரோடு மேலே ஏறினார். பெயிண்டோடு சேர்த்தே 0.36. அம்மா கையில் கொடுத்துக் காட்டிய அதே 'போடவே மாட்டேன்' ஷீட். 2 மி.மீ. என்ற குழாய் 1.2. ஸ்க்ரூவை மேட்டில் அடிக்காமல் தண்ணீர் ஓடும் பள்ளத்திலேயே அடித்திருக்கிறார்கள், பாதிக்கு ரப்பர் வாஷரே இல்லை. கட்டர் மிஷினால் மேலே வைத்தே அறுத்த பொறி ஒட்டி, மூன்று மாதத்தில் ஷீட் முழுக்கத் துருப் புள்ளி.

போன் செய்தேன். "மழை விடட்டும்ணே, ஈரத்துல ஆளு ஏறினா வழுக்கிடும்." மழை விட்டது. "ஆளுங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க." அப்புறம், "கம்பெனியிலேயே அப்படித்தான் வருது, நாங்க என்ன பண்ண." கார்த்திகை பிறந்ததும் நேரில் போனேன். கல்லாவில் இருந்த பையன், "ஓனர் மாலை போட்டிருக்காரு, சத்தமா பேசாதீங்க" என்றான். 1,86,000 ரூபாயை வாங்கிக்கொண்டு மாலை! வாட்ஸாப்பில் ஒழுகும் வீடியோ அனுப்பினேன். ரெண்டு நீல டிக், அவ்வளவுதான்.

சொல்லவந்த ஆலோசனை, சுருக்கமாக: கனத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்க, பெயிண்ட் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும். ஷீட் வந்து இறங்கியதும், மேலே ஏற்றுவதற்கு முன், அளந்து பாருங்க. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் தராசு போதும்: 1 மி.மீ. தட்டை இரும்பு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ, அரை மி.மீ. என்றால் நாலு கிலோவை ஒட்டி வரணும். வளைவு ஷீட் இன்னும் கூடத்தான் வரும், குறையாது. ஜிஎஸ்டி பில்லை விடாதீங்க. வேலை நடக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கணும். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்துவிட்டுக் கொடுங்க.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடணும். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். மீதி 86,000 கையில் கொடுத்ததற்கு அம்மா மட்டும்தான் சாட்சி. இப்படி வழக்குப் போட்டுக் காசு திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.