‘வெட்டுப்படாத பதிப்பு’ டிக்கெட்டை நம்பாதீங்க, 1,840 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிக் காட்சி, கும்பகோணம் பக்கம் ஒரு தியேட்டர். சர்ச்சைக்குப் பேர்போன இயக்குநரின் சோழர் காலப் படம். டிக்கெட் விற்ற செயலியில் கொட்டை எழுத்தில் ‘வெட்டுப்படாத முழுப் பதிப்பு, 184 நிமிடம்’. நாலு டிக்கெட், பாப்கார்ன் காம்போ கட்டாயம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,840 ரூபாய். சந்தேகப்பட்டுச் செயலியில் கேட்டதற்கு, ‘ஸ்பெஷல் ஷோ சார், முழுப் படம்தான்’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டியது.

படத்துக்கு முன்னால் வந்த தணிக்கைச் சான்றிதழில் 151 நிமிடம். மீதி 33 நிமிடம் எங்கே?

நாடகம் மாதிரி இருக்கு என்று இந்தப் படத்தைத் திட்டுகிறார்கள். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை விடிய விடியப் பார்க்கிற நமக்கு மேடைத்தனம் ஒரு குற்றமே இல்லை. கேமரா நகராது; அரசவை நேர் எதிரே; வருகிறவர் வருவதும் போகிறவர் போவதும் முழுசாகத் தெரியும். ஷாட் நீளமாக ஓடினால்தான் வசனத்துக்கு நடுவே இருக்கிற மௌனம் நிற்கும். அதன் நடுவில் கத்தரி போட்டால் நின்றவர் சட்டென்று உட்கார்ந்திருக்கிறார், பின்னணித் தம்புரா அறுந்து மறுபடி தொடங்குகிறது. ஏழு இடத்தில் அப்படி. போதாததற்கு, உயரத்தைப்போல 1.85 மடங்கு அகலமுள்ள படத்தைப் பெரிதாக்கி, 2.39 மடங்கு அகலமுள்ள திரையை நிரப்பியிருந்தார்கள். மேலும் கீழுமாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தளிச்சேரிப் பெண், அதாவது கோயிலில் ஆடுகிறவள், ஆடுகிறாள், பாதம் தெரியவில்லை!

ராஜராஜன் காலக் காட்சியில் பெரிய கோயிலின் பெரிய நந்தி நிற்கிறதே, அது இயக்குநர் தப்பு. அந்த நந்தி நாயக்கர் காலத்தது. மற்றதெல்லாம் விற்றவர்கள் தப்பு. இப்படிக் கொத்திய படத்தை வைத்து நல்லது கெட்டது எதையும் சொல்ல முடியாது.

இடைவேளையில் மேனேஜரிடம் கேட்டால், ‘எங்களுக்கு வந்ததே இதுதாண்ணே, ஆப்ல கேளுங்க.’ ஆப்பில் கேட்டால், ‘காட்சி நடந்துவிட்டது, பணம் திரும்பாது.’ மறுபடி கேட்டதற்குப் புகார் எண் ஒன்று தந்தார்கள். காலையில் பார்த்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருக்கிறார்கள். 1,840 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புகூட இல்லை.

தணிக்கை ஆகாத பதிப்பைத் தியேட்டரில் ஓட்டவே கூடாது. வெட்டியதைச் சேர்த்தால் அதற்கும் சான்று வேண்டும். சான்றிதழில் நிமிடக் கணக்கு இருக்கும், அதைப் போட்டோ எடுங்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். காம்போ கட்டாயம் என்றால், அது இல்லாமல் டிக்கெட் கிடைக்குமா என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. புகார் போட்டாச்சு, 1,840 ரூபாய் வருகிறவரை விடுவதாக இல்லை.