இரவு பதினொரு மணிக்கு ஒரு கொலை, எட்டு உடம்பில் ஒரே ஆள்

பெரிய வீட்டுக்குள் நடக்கும் கொலைக்கதை என்றால் எனக்குத் தனிப் பிரியம். செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் தொழில். முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்முற்றமான வளவில் பேசுவது கேட்குமா, அடுப்படியிலிருந்து யார் கண்ணிலும் படாமல் பின் தெருவுக்குப் போக முடியுமா என்பதெல்லாம் எனக்கு அன்றாடம் புழங்கும் விஷயம். அதனால் இந்த வகை நாவலில் முதலில் வீட்டைப் பார்ப்பேன். கொலைகாரன் அப்புறம்தான்.

ஸ்டூவர்ட் டர்ட்டன் எழுதிய 'தி செவன் டெத்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹார்ட்காசில்' அந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறுகிறது. 2018-ல் வந்து, அந்த ஆண்டின் காஸ்டா முதல் நாவல் விருது என்ற பிரிட்டிஷ் பரிசையும் வாங்கிய புத்தகம்.

இங்கிலாந்தில் காட்டுக்கு நடுவே ப்ளாக்ஹீத் என்று ஒரு மாளிகை. அன்று இரவு விருந்து. பதினொரு மணிக்கு அந்த வீட்டுப் பெண் ஈவ்லின் சாகப்போகிறாள். யார் காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டியவன் ஏய்டன் பிஷப். அவனுக்கு அதே ஒரு நாள் எட்டு முறை கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறொருவர் உடம்பில். தவறினால் நினைவெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். போதாததற்கு, அவன் இருக்கும் உடம்புகளைத் தேடிக் கொல்ல ஒரு வேலைக்காரன் அலைகிறான்.

கேட்கும்போது வித்தை மாதிரி தோன்றும். ஆனால் ஒரே வீடு ஆளுக்கு ஆள் எப்படி மாறிவிடுகிறது என்பதை இந்த ஏற்பாட்டால்தான் டர்ட்டனால் காட்ட முடிகிறது. ரேவன்கோர்ட் என்ற பணக்காரப் பிரபுவின் உடம்பில் இருக்கும்போது எழுந்து நடப்பதே பெரும்பாடு, உடுத்திக்கொள்ளக்கூட ஆள் வேண்டும். அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூளையை ஓட்டுகிறான். தலைமைப் பணியாளர் உடம்பில் வரும்போதோ அடிபட்டுப் படுத்த படுக்கை. வாசலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். நம் பக்கத்து வீடுகளும் அப்படித்தான். பட்டாலையில் கணக்குப் பார்த்தவருக்குத் தெரிந்த வீடு வேறு, இரண்டாம் கட்டில் வத்தல் காயப்போட்ட ஆச்சிக்குத் தெரிந்த வீடு வேறு. இரண்டு பேரிடமும் கேட்காமல் அந்த வீட்டுக் கதையை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. ப்ளாக்ஹீத்தில் 19 வருஷத்துக்கு முன் ஒரு சிறுவன் கொல்லப்பட்டிருக்கிறான். குடும்பம் வீட்டை விட்டுப் போய்விட்டது. இப்போது அன்றைக்கு இருந்த விருந்தாளிகளையே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணில் படும் அறைகளை மட்டும் ஒப்பேற்றிவிட்டு மற்றதைப் பாழாக விட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கும் வளவு வீடுகளில் நிற்கிறவன் நான். பங்காளிகள் வந்து அவரவர் அறையைத் திறக்கும்போது பழைய மனத்தாங்கலும் கூடவே வெளியே வரும். அந்தப் புழுக்கத்தை டர்ட்டன் சரியாகப் பிடித்திருக்கிறார்.

குறையும் உண்டு. நடுவில் பெயர்கள் குவிந்து கதை கொஞ்சம் திணறுகிறது. ரேவன்கோர்ட்டின் பருமனைத் திரும்பத் திரும்ப அருவருப்போடு வர்ணிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை சொன்னால் போதாதா? அந்த வீடு உண்மையில் என்ன, ஏய்டன் ஏன் அங்கே சிக்கினான் என்பதற்குக் கடைசியில் வரும் விளக்கமும் கொலை முடிச்சு அவிழும் அளவுக்கு வலுவாக இல்லை. ஆனால் அந்த முடிச்சு அவிழும் அழகு இருக்கிறதே! முதல் உடம்பில் புரியாமல் பார்த்த ஒரு சின்னச் சம்பவத்தை, பிறகு இன்னொரு உடம்பிலிருந்து தானே நடத்தி வைக்கிறான். அந்த இடங்களில் பக்கத்தைத் திருப்பிப் பழையதைச் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. எல்லாம் பொருந்துகிறது.

சுமார் 500 பக்கம். ஆங்கிலம் கடினமில்லை, கவனம்தான் வேண்டும். பஸ்ஸில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தால் நூல் அறுந்துவிடும். இரண்டு மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைக்கும்போது எடுங்கள், பக்கத்தில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பில் தலைப்பு ஏழு மரணம் என்பதற்குப் பதில் ஏழரை மரணம் என்றிருக்கும். அதுவும் இதே நாவல்தான், தொடர்ச்சி என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.