நடுநிலைப் பள்ளி மாணவருக்கான விசை–எதிர்விசை செய்முறைப் பெட்டி: ஒரு மதிப்புரை

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், லாரியும் காரும் மோதிக்கொள்ளும்போது எதன் மீது அதிக விசை செயல்படுகிறது என்று கேட்டால், கார் மீதுதான் என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. விதி மனப்பாடமாகியும் மனத்தில் பதியாத இந்த நிலையை மாற்ற உதவும் என்று கருதியே இந்தச் செய்முறைப் பெட்டியை வாங்கினேன். கருவிகள் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றின. உடன் வரும் கையேடு நிறைவேற்றவில்லை.

10 நியூட்டன் வரை அளக்கும் இரண்டு சுருள்வில் தராசுகள், அழுத்தி விடுவிக்கத்தக்க சுருள்வில் பொருத்திய இரண்டு சிறு வண்டிகள், எடைக்கற்கள், ஒரு சட்டக் காந்தம், ஓர் இரும்புத் துண்டு, பலூன் ராக்கெட்டுக்கான நூலும் குழலும் ஆகியவை பெட்டியில் உள்ளன. இவற்றுள் மிக எளிய கருவியான தராசுகளே மிக அதிகமாகக் கற்பிக்கின்றன. இரண்டின் கொக்கிகளையும் ஒன்றோடொன்று மாட்டி, ஒரு மாணவர் மட்டும் இழுத்து மற்றவர் அசையாமல் பிடித்துக்கொண்டாலும், இரு முட்களும் ஒரே நேரத்தில் நகர்ந்து ஒரே அளவைக் காட்டுகின்றன. ஒரு தராசைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டு இழுத்தாலும் முடிவு மாறுவதில்லை. சுவரும் இழுக்கிறதா என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புகிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தொங்கவிட்ட நிலையில் சுழிக்குச் சரிசெய்யப்பட்ட தராசைக் கிடையாகப் பயன்படுத்தும்போது, கொக்கியின் எடை வில்லை இழுக்காததால் முள் சற்று விலகும். மேலுள்ள திருகால் அதை மீண்டும் சரிசெய்யாவிட்டால், இரு அளவுகளும் சமமாக இல்லை என்று மாணவர் தவறாக எண்ணிவிடக்கூடும்.

லாரி–கார் கேள்விக்கு விடை தருபவை வண்டிகள். ஒவ்வொன்றும் 500 கிராம் நிறையுள்ளது. ஒன்றின் மீது இன்னொரு 500 கிராம் ஏற்றி, இரண்டையும் ஒட்டிவைத்து இடையில் அழுத்திய வில்லை விடுவித்தால், கனமான வண்டி மற்றதன் பாதி வேகத்திலேயே நகர்கிறது. கனமான வண்டி 20 செ.மீ., இலேசான வண்டி 40 செ.மீ. ஓடும்படி இருபுறமும் தடுப்புக் கட்டைகளை வைத்தால், இரண்டும் கட்டைகளில் மோதும் ஓசை ஒன்றாகவே கேட்கிறது. விசையும் அது செயல்பட்ட நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. நிறை இருமடங்கானதால் வேகம் பாதியாகிறது. விளைவு வேறுபடுவதைக் கண்டு விசையும் வேறுபடுகிறது என்று முடிவுகட்டும் பழக்கத்தை இந்த ஓசை உடைத்துவிடுகிறது. சொரசொரப்பான தரையில் உராய்வு முடிவைக் கெடுப்பதால், கண்ணாடித் தகடு போன்ற வழவழப்பான தளம் தேவை. காந்தத்தையும் இரும்பையும் வண்டிகளில் வைத்து எதை விட்டாலும் அது மற்றதை நோக்கி ஓடுகிறது என்று காட்டும் சோதனையும் நன்று.

கையேட்டின் பெரும் குறை, மேசை மீதுள்ள புத்தகத்தின் எடையையும் மேசை அதை மேல்நோக்கித் தாங்கும் விசையையும் விசை–எதிர்விசை இணை என்று விளக்குவதாகும். அவ்விரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன; விசையும் எதிர்விசையுமோ எப்போதும் இரு வேறு பொருள்கள் மீது செயல்படுபவை. புவி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் புவியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு இணை, புத்தகம் மேசையை அழுத்துவது. அதே மேசை மேல்நோக்கி முடுக்கம் பெறும் லிஃப்டில் இருந்தால், தாங்கும் விசை புத்தகத்தின் எடையைவிட அதிகமாகும். உண்மையான விசை–எதிர்விசை இணை எந்தச் சூழலிலும் சமமின்றிப் போகாது என்பதால், இந்த ஒரு சோதனையிலேயே கையேட்டின் விளக்கம் வீழ்ந்துவிடுகிறது. கருவிகள் இவ்வளவு நேர்த்தியாகக் காட்டுவதை அச்சிட்ட பக்கம் குழப்புவது வருத்தமளிக்கிறது.

பலூன் பகுதியிலும் இதே போன்ற பிழை உண்டு. வெளியேறும் காற்று சுற்றியுள்ள காற்றைத் தள்ளுவதாலேயே பலூன் முன்னேறுகிறது என்கிறது கையேடு. உண்மையில் பலூன் தன்னுள் இருக்கும் காற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது, அந்தக் காற்று பலூனை முன்னோக்கித் தள்ளுகிறது. வெளிக்காற்று இல்லாவிட்டாலும் இது நடக்கும். வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920ஆம் ஆண்டு ராக்கெட் ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோடார்டைச் சாடித் தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அப்பல்லோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலையில் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. அத்தகைய பழைய பிழையை இன்றைய மாணவருக்கான கையேடு மீண்டும் அச்சிடக் கூடாது.

தராசுகளுக்காகவும் வண்டிகளுக்காகவும் இந்தப் பெட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்குவோர் மேற்சொன்ன இரு பகுதிகளையும் முதலில் தாமே திருத்திக்கொண்டு, அதன் பிறகே கையேட்டை மாணவரிடம் கொடுக்க வேண்டும்.